மத்திய ஆசியப் படங்களில் வரும் பெண்களையும் ரஷ்ய ஆட்சியின் தடத்தையும் புரிந்துகொள்ள எந்தப் படங்களில் தொடங்கலாம்?

உஸ்பெக் மௌனப் படங்களில் தொடங்குங்கள். முதலில் மிகயீல் தொரோனினின் 'இரண்டாம் மனைவி' (1927). வணிகர் வீட்டுக்கு இரண்டாம் தாரமாகப் போகும் அதோலத்தின் கதை. ஆனால் அதோலத்தாக நடித்தவர் உஸ்பெக் பெண் அல்ல. மாஸ்கோ யூத நடிகை ரகீல் மெஸ்ஸெரர், பாலே கலைஞர் மாயா பிளிசெத்ஸ்கயாவின் தாய். மறு வருடம் வந்த 'தொழுநோயாளி'யிலும் அவரேதான் நாயகி. உள்ளூர்ப் பெண்கள் ஏன் நடிக்க வரவில்லை? மார்கிலானைச் சேர்ந்த நடனக்காரி நூர்கான் முகத்திரை இல்லாமல் மேடையேறினார். 1929இல் கூடப்பிறந்தவனே அவரைக் கொன்றான்.

கூடவே 'ஹுஜூம்' பற்றியும் படித்துவிடுங்கள். 1927 மார்ச் 8 அன்று சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கிய முகத்திரை நீக்க இயக்கம் அது. படங்களில் வரும் பரஞ்சா தலையிலிருந்து கீழே தொங்கும் அங்கி. முதுகுப் பக்கம் பொய்க் கைகள் இரண்டு தொங்கும். முகத்தை மறைப்பது அதுவல்ல, குதிரைமுடியில் நெய்த சச்வான் என்ற தனி வலை. வலையைத் தூக்கும் காட்சி வந்தால் நிறுத்தி, கேமரா எங்கே நிற்கிறது, யார் கை தூக்குகிறது என்று பாருங்கள். இவை பிரச்சாரத்துக்காக எடுத்த கதைப்படங்கள், அக்கால வாழ்க்கையை அப்படியே பிடித்த ஆவணங்கள் அல்ல. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

இன்னொரு சறுக்கல், மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளையும் ஒன்றாகக் கருதுவது. பரஞ்சா தாஷ்கந்த், புகாரா போன்ற நகரங்களின் வழக்கம். கஸாக், கிர்கிஸ் மேய்ச்சல் குடிகளிடம் கிடையாது. கிர்கிஸ் எழுத்தாளர் ஐத்மாத்தவின் கதையிலிருந்து எடுத்த 'முதல் ஆசிரியர்' (1965) பார்த்தால் தெரியும். அங்கே நாயகி அல்தினாயின் பிரச்சினை முக்காடு அல்ல, அவளைத் தூக்கிப்போகும் பணக்காரன். அந்த வேடத்துக்கு நதாலியா அரின்பசாரவாவுக்கு 1966 வெனிஸில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

ஒரு தொழில்நுட்ப விஷயம்: மௌனப் படங்கள் பலவும் நொடிக்கு 16 முதல் 20 சட்டகங்கள் வேகத்தில் எடுக்கப்பட்டவை. இணையப் பிரதி 24இல் ஓடினால் எல்லோரும் விறுவிறுவென்று நடப்பார்கள், சோகக் காட்சிகூடச் சிரிப்பாகிவிடும். பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்கிப் பாருங்கள்.

பிறகு உள்ளூர்க்காரர்கள் அதே ஹுஜூமைத் திரும்பிப் பார்த்த படங்கள். அலி ஹம்ராயெவின் 'அச்சமின்றி' (1971) சோவியத் தணிக்கைக்குள் நின்றே முகத்திரை எடுத்தவர்கள் கொடுத்த விலையைக் காட்டுகிறது. யூசுப் ரசிக்கவின் 'பேச்சாளர்' (1998) சுதந்திரத்துக்குப் பின் வந்ததால் கிண்டலும் செய்கிறது: பெண் விடுதலையைப் பற்றி மேடையில் முழங்குபவனுக்கு வீட்டில் மூன்று மனைவிகள்! எனக்கு இதுதான் கூர்மையான படம்.

உஸ்பெக் பெண் இயக்குநர் சவோதத் இஸ்மாயிலவாவைக் கடைசிக்கு வையுங்கள். 'நாற்பது நாள் மௌனம்' (2014) நான்கு தலைமுறைப் பெண்களை ஒரே வீட்டில் வைக்கிறது, அதை எப்போது பார்த்தாலும் சரி. ஆனால் 'அவள் உரிமை' (2020) அந்தப் பழைய மௌனப் படங்களின் துண்டுகளையே வெட்டி ஒட்டியது. மூலப் படங்களைப் பார்க்காமல் போனால், அவர் எதை வெட்டினார் என்பதே பிடிபடாது.