கான்செப்ட் ஆர்ட்: சேலம் பிள்ளைகள் கேட்டவை

கேள்வி (ஓமலூர், பிளஸ் டூ மாணவர்): நன்றாக வரைவேன் அக்கா. கான்செப்ட் ஆர்டிஸ்ட் ஆக அது போதுமா?

போதாது தம்பி. இயக்குநர் மனதில் மட்டும் இருக்கிற இடத்தையும் ஆளையும் மற்றவர்கள் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலை. உன் படத்தைப் பார்த்து ஒருவர் செட் போடுவார், இன்னொருவர் கம்ப்யூட்டரில் மாடல் செய்வார். சுவர் கல்லா மரமா, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது அதில் தெரிய வேண்டும். ஸ்டார் வார்ஸ் படத்துக்கு (1977) முன்னோவியங்கள் தீட்டிய ரால்ஃப் மெக்குவாரி, அதற்கு முன் விமானம் செய்யும் போயிங் நிறுவனத்தில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்தவர். பிளேடு ரன்னர் படத்துக்கு (1982) நகரத்தை வடிவமைத்த சிட் மீட், ஃபோர்டில் கார் டிசைனராக இருந்தவர். பொருள் எப்படி இயங்கும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

கேள்வி (ஏற்காடு): வேலை கேட்கும்போது காட்டும் படத் தொகுப்பில், அதாவது போர்ட்ஃபோலியோவில், என்ன வைக்கலாம்? டிராகன், சாமுராய் எல்லாம் வரைந்து வைத்திருக்கிறேன்.

அவை எல்லாரிடமும் இருக்கும். உங்கள் ஊரை வரையுங்கள். மூடுபனி இறங்கும் நேரத்தில் காபித் தோட்டத்தைப் பாருங்கள்: பக்கத்து சில்வர் ஓக் கறுப்பாக, அடுத்த வரிசை சாம்பலாக, அதற்கப்பால் வெறும் வெளுப்பாகத் தெரியும். ஒரே நிறத்தில் தூரத்தைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அப்புறம் மலையிறங்கி, மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளைக் கல் குவியல்களை வெளியிலிருந்தே பாருங்கள். அங்கே ஓர் ஊர் இருந்தால் தண்ணீர் எங்கிருந்து வரும், வெயிலுக்கு எப்படிக் கூரை போடுவார்கள்? பதிலைச் சின்னச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அளவு புரிய ஓர் ஆளை நிறுத்துங்கள். ஒரு வீட்டை முன், பக்கம், பின் என்று வரையுங்கள். தள்ளிவிட்ட படங்களையும் சேர்த்து வையுங்கள். நீங்கள் யோசித்த விதம் அவற்றில்தான் தெரியும்.

கேள்வி (ஆத்தூர்): ஐபேட் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். பென்சில் போதும். பிறகு சாதாரண பென் டேப்லெட், அதாவது கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரைகிற பலகை. படம் வரையும் மென்பொருள் கிரிட்டா, முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருள் பிளெண்டர், இரண்டும் இலவசம்.

கேள்வி (அம்மாப்பேட்டை, ஒரு தாய்): மகளை அனுப்பலாமா? பிழைப்பு நடக்குமா?

நடக்கும் அம்மா, ஆனால் மாதச் சம்பளம் போல ஒரே சீராக வராது. 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோ தொடங்கிய ஊர் இது. ஏற்காடு சாலையில் இன்று அதன் நுழைவாயில் வளைவுதான் மிச்சம். வேலைக்குச் சென்னை, ஹைதராபாத், பெங்களூரு போக வேண்டிவரும். பல வேலைகள் ஒப்பந்தத்தில்தான். படம் முடிந்தால் இடைவெளி விழும். படம் வெளிவரும்வரை தன் ஓவியங்களை யாருக்கும் காட்டக் கூடாது என்றும் கையெழுத்து வாங்குவார்கள். அதனால் எத்தனை திருத்தம், எவ்வளவு பணம், முன்பணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.