கூட்டம் சேர்ந்ததும் படம் ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி: மொரிஷியஸின் கத்ர் போர்ன் மலைக்கோவில் காவடியை ஆவணப்படமாக எடுக்கிறோம். இரண்டு கேமரா, ஒன்று கிம்பலில் (நடந்தாலும் படம் ஆடாமல் பிடிக்கும் கைத்தாங்கியில்). இயக்குநர் அடிவாரத்துப் பந்தலில், ஏறத்தாழ 150 மீட்டர் தள்ளி உட்கார்ந்து மானிட்டரில் பார்க்கிறார். எங்கள் வயர்லெஸ் கருவியின் பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருக்கிறது. போன ஆண்டு காவடிக்கு முந்தைய நாள் சோதித்தபோது குறையே இல்லை. காவடியன்று காலை ஒன்பது மணிக்குப் பிறகு படம் உறைந்தது, கட்டம் கட்டமாக உடைந்தது. ஃபோகஸ் பார்ப்பவரும் அதே படத்தை நம்பியதால் பல ஷாட்டுகள் தெளிவிழந்தன. மூன்று மடங்கு விலையில் வேறு கருவி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (ஒரு வாசகர், போ பாசன்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு நல்ல எஸ்டிஐ கேபிளும் (தொழில்முறை கேமராவின் படத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோகும் கேபிள்) உயரமான ஸ்டாண்டும் வாங்குங்கள். மீதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 300 மீட்டர். அது திறந்த வெளியில், குறுக்கே எதுவும் இல்லாமல், அக்கம்பக்கத்தில் வேறு வைஃபை இல்லாமல் அளந்த எண். முந்தைய நாள் வெறிச்சோடிய கோவிலில் நீங்கள் சோதித்ததும் ஏறக்குறைய அதே நிலைதான். காவடியன்று நடுவே வந்து நின்றது தண்ணீர். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; உங்கள் கருவி வேலை செய்யும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கும். அந்த அலையின் நீளம் ஐந்தரை சென்டிமீட்டர்தான். இவ்வளவு குட்டையான அலை ஓர் ஆளைச் சுற்றி வளைந்து அடுத்த பக்கம் போய்ச் சேராது. ஆயிரக்கணக்கானோர் திரளும்போது உங்களுக்கும் பந்தலுக்கும் இடையே தண்ணீர்ச் சுவர் எழும்பிவிடுகிறது. மூன்று மடங்கு விலைக்கருவியும் அந்தச் சுவர் முன்னால் திணறத்தான் செய்யும்.

கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கேமராவில் இருந்து படத்தை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து அதை வாங்கும் ரிசீவருக்கு அலை ஒற்றை நூலாகப் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் போன்ற ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. 150 மீட்டர் தூரத்தில், 5.5 கிகாஹெர்ட்ஸில், அந்த வெள்ளரிக்காயின் நடுப்பகுதி ஆரம் ஏறத்தாழ 1.4 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது தடையின்றி இருந்தால்தான் சிக்னல் ஒழுங்காக வரும். தலைகளை உரசிக்கொண்டு போகும் பார்வைக்கோடு கண்ணுக்குச் சரி, அலைக்குச் சரியல்ல.

எனவே ரிசீவரை இயக்குநரின் மேசையில் வைக்காதீர்கள். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோவில் விழாவில் ரிசீவரைப் பந்தல் கம்பத்தில் இடுப்பு உயரத்தில் கட்டியிருந்தேன். பதினொரு மணி வரை படம் கண்ணாடி போல வந்தது. திடீரென்று ஒன்றுமே இல்லை. சேனலை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், கேமராக்காரரை வாக்கி டாக்கியில் திட்டினேன். கடைசியில் திரும்பிப் பார்த்தால், ஏழு கறிச் சாப்பாட்டுக்கான ரச அண்டாவை இரண்டு பேர் தூக்கிவந்து ரிசீவருக்கு நேர் முன்னால் இறக்கியிருந்தார்கள். எவர்சில்வர், உள்ளே தண்ணீர், மேலே மூடி. ரேடியோ அலையை நிறுத்த வேண்டும் என்று திட்டம் போட்டால்கூட அதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது. அண்டாவை ஒரு முழம் நகர்த்தச் சொன்னேன், படம் வந்துவிட்டது. கேமராக்காரரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் சற்று நேரமானது.

காற்று வழியாகப் போகும் தூரத்தைச் சுருக்குவதுதான் வழி. தூரம் பாதியானால் வந்து சேரும் சக்தி நான்கு மடங்காகும். படிக்கட்டுப் பக்கம், காவடிகள் போகும் வழியிலிருந்து இருபது முப்பது மீட்டருக்குள், நான்கு ஐந்து மீட்டர் உயர ஸ்டாண்டில் ரிசீவரை ஏற்றி, மணல் மூட்டை வைத்துக் கட்டுங்கள். அங்கிருந்து பந்தலுக்கு எஸ்டிஐ கேபிள். முழு எச்டி, வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது 1.5 கிகாபிட் சிக்னல். தடித்த, தரமான கேபிளில் நூறு மீட்டர்வரை தாங்கும். அதற்கு மேல் போனால் நடுவே ஒரு ரீகிளாக்கர் (தேய்ந்த சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் சிறு பெட்டி) வையுங்கள். எச்டிஎம்ஐ கேபிளை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம், பத்துப் பதினைந்து மீட்டரிலேயே அது தகராறு செய்யும். ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள்: பால் செம்போடும் அலகோடும் வெறுங்காலில் வருகிறவர்களின் பாதையை எந்தக் கேபிளும் குறுக்காகக் கடக்கக் கூடாது. சுற்றிக்கொண்டு போனால் முப்பது மீட்டர் கூடுதலாகும் என்றாலும் சுற்றியே கொண்டுபோங்கள்.

டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலும் உயரம் வேண்டும். காவடிக்குப் பின்னால் படியேறும்போது கிம்பல்காரரின் முதுகு பந்தலைப் பார்த்திருக்கும். அவர் உடம்பே முதல் தடை. அவர் முன்னால் ஏறி, திரும்பி நின்று எடுத்தால், ஈர இலையும் பூவும் பித்தளைச் செம்புமாகக் காவடியே குறுக்கே நிற்கும். அதனால் டிரான்ஸ்மிட்டரைக் கிம்பலிலிருந்து கழற்றி, முதுகுப்பையில் ஒரு கம்பியை நட்டுத் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். கேமராவிலிருந்து மெல்லிய எஸ்டிஐ கேபிள் போதும். கிம்பலின் எடையும் குறையும், கை உங்களை வாழ்த்தும். ஆன்டெனாக்களைச் செங்குத்தாக வையுங்கள். அவற்றின் நுனியை ரிசீவரை நோக்கிக் குறி வைப்பது பலருக்குப் பழக்கம். அலை பக்கவாட்டில்தான் பரவும், நுனித் திசையில் மிகக் குறைவு.

இனி ஃபோகஸ். உண்மையான சேதம் இங்கேதான் நடந்திருக்கிறது. உங்கள் கருவி படத்தைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரித்துக் காட்டுகிறது. அந்த வகைக் கருவிகளில் பல 60 முதல் 100 மில்லிவினாடி வரை தாமதிக்கும். 80 என்று வைத்துக்கொள்வோம். 25 ஃபிரேமில் அது இரண்டு ஃபிரேம். காவடி எடுப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடந்தால், மானிட்டரில் தெரிகிற இடத்தைவிட அவர் ஏற்கெனவே சுமார் பத்து சென்டிமீட்டர் முன்னால் வந்துவிட்டார். முழு ஃபிரேம் கேமராவில் 85 எம்எம் லென்ஸ், எஃப் 2 (லென்ஸ் துளை அகலத் திறந்த நிலை), மூன்று மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே பதினைந்து சென்டிமீட்டர். முன்னால் ஏழு, பின்னால் ஏழு. ஃபோகஸ் பார்ப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அந்தக் கணக்கில் தோற்றுத்தான் போவார். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

செலவில்லாத மருந்து ஒன்று உண்டு: லென்ஸ் துளையை எஃப் 5.6-க்குச் சுருக்குங்கள். அதே லென்ஸ், அதே தூரத்தில் ஆழம் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டும். தை மாத வெயிலில் நம்மூரில் வெளிச்சத்துக்கா பஞ்சம்? பின்னணி மங்கலாக வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தால், ஃபோகஸ் பார்ப்பவருக்கு மட்டும் தாமதமில்லாத தனிக்கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மீதிப் பணம் போக வேண்டிய இடம் அதுதான். டெராடெக் போல்ட் வகைக் கருவிகள் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான தாமதத்தில் அனுப்புகின்றன. அவற்றின் உள்ளே இருப்பது அமிமான் என்ற இஸ்ரேல் நிறுவனத்தின் நுட்பம்; டெராடெக்கின் தாய் நிறுவனமே 2018-இல் அதை வாங்கிவிட்டது. சிக்னல் குறைந்தால் இந்த வகைப் படம் உறைவதில்லை, மெல்ல மணல்மணலாக மங்குகிறது. ஃபோகஸ் பார்ப்பவருக்கு உறைந்த படத்தைவிட மங்கிய படம் எவ்வளவோ மேல். உறைந்த படம் பொய் சொல்லும். அவர் கேமராவுக்கு ஐந்து பத்து மீட்டருக்குள் கூடவே நடப்பவர் என்பதால் குறைந்த தூர மாடலே போதும். உங்கள் கேமராவில் எஸ்டிஐ, எச்டிஎம்ஐ இரண்டும் ஒரே நேரத்தில் படம் தருமானால், எஸ்டிஐயை ஃபோகஸ் கருவிக்கும் எச்டிஎம்ஐயைப் பழைய கருவிக்கும் கொடுங்கள். பந்தலில் இருப்பவர் இரண்டு ஃபிரேம் தாமதமாகப் பார்த்தால் குடி முழுகிப் போகாது.

சேனல்களைப் பொறுத்தவரை, தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், விதிப்படி கருவி முதலில் ஒரு நிமிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டும். ரேடார் தட்டுப்பட்டால் உடனே விலகி, அரை மணி நேரம் அந்தப் பக்கம் வரக் கூடாது. காவடி வாசலைத் தாண்டும் நொடியில் உங்கள் கருவி அப்படிச் சேனல் தாவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு கேமராவை 36 முதல் 48-க்குள், மற்றதை 149-க்கு மேல் நிறுத்துவது என் வழக்கம். வேறு நாட்டுக்காக அமைத்த கருவியை இணையத்தில் வாங்கியிருந்தால், இங்கே எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி அனுமதி என்பதை நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐசிடிஏ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவில் எல்லோரும் கைப்பேசி ஆப்பில் படம் பார்க்கிறார்களா? நிறுத்துங்கள். ஒவ்வொரு கைப்பேசியும் அதே அலையில் பங்கு கேட்கிறது. உடை பார்ப்பவருக்கும் தயாரிப்பாளரின் மைத்துனருக்கும் நேரலை தேவையில்லை. பந்தலில் ரிசீவரின் இரண்டாவது அவுட்டிலிருந்து ஒரு பெரிய திரையை மாட்டுங்கள், வேண்டியவர் வந்து பார்க்கட்டும்.

மழை வந்தால் அலைக்கு ஒன்றும் ஆகாது. நூறு மீட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மழைத்துளி ஒரு பொருட்டல்ல. நனைந்த குடைகளும் நனைந்த பந்தல் துணியும்தான் தொல்லை. டிரான்ஸ்மிட்டரைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், இந்தப் புழுக்கத்தில் பத்தே நிமிடத்தில் சூடேறி நின்றுவிடும். மேலே மட்டும் குடை போல மூடி, விசிறிப் பக்கத்தைத் திறந்து விடுங்கள். பேட்டரி மாற்றும்போது எஸ்டிஐயை முதலில் கழற்றி, அப்புறம் மின்கேபிளைக் கழற்றுங்கள். மாட்டும்போது மின்கேபிள் முதலில், எஸ்டிஐ பிறகு. வரிசை மாறினால் கேமராவின் எஸ்டிஐ வாயே கருகக்கூடும், அந்தப் பழுதைச் சரிசெய்வது மலிவான வேலை அல்ல.

இந்த ஆண்டு சோதனையை வெறும் கோவிலில் செய்யாதீர்கள். காவடிக்கு முந்தைய பத்து நாளும் மாலைப் பூசைக்குக் கூட்டம் வருமே, அதில் ஒரு மாலை போங்கள். கிம்பல்காரரைக் கூட்டத்துக்குள் நடக்கவிட்டு, வாக்கி டாக்கியில் அவர் படிகளை எண்ணிச் சொல்ல, படம் எந்தப் படியில் அறுகிறது என்று நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டை அந்தப் படிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். சமையல்காரரிடமும் ஒரு வார்த்தை, அண்டா எங்கே இறங்கப் போகிறது என்று.