குல்மார்க்கா, ஔலியா?

கேள்வி: நானும் கணவரும் 12 வயது மகளும் பிப்ரவரியில் ஒரு வாரம் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகலாம் என்றிருக்கிறோம். மூவருமே இதுவரை பனியில் கால் வைத்ததில்லை. 64 வயது மாமியாரும் கூட வருகிறார். அவருக்கு மூட்டுவலி, பனியைக் கண்ணால் பார்த்தால் போதும் என்கிறார். கணவர் காஷ்மீரில் உள்ள குல்மார்க் என்கிறார். எனக்கு உத்தராகண்டில் உள்ள ஔலிதான் ஆசை. அங்கிருந்து நந்தா தேவி சிகரம் தெரியும், கூட்டமும் குறைவு என்று கேள்விப்பட்டேன். குல்மார்க் மலை தேர்ந்தவர்களுக்குத்தான் என்று தோழி வேறு பயமுறுத்துகிறாள். எங்கே போவது?

பதில்: குல்மார்க் போங்கள். ஔலியில் காலை வெயில் நந்தா தேவி மேல் ஏறுவதைப் பார்த்தவள் நான். உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் கையில் இருப்பது ஒரே வாரம். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. போக ஒரு நாள், வர ஒரு நாள் முழுசாகப் போய்விடும், அதுவும் மாமியாரின் முழங்காலோடு. ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்கு ஏறும் ரோப்வே 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். குல்மார்க் ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். பனி கொட்டியிருந்தால் வழியில் டங்மார்க் என்ற ஊரில் இறங்கி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டியிருக்கும், அவ்வளவே.

பனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஔலியில் பனி போதாமல் போட்டிகளே ரத்தான வருடங்கள் உண்டு. குல்மார்கும் தப்புவதில்லை, 2024 ஜனவரியில் பெரும்பகுதி புல்தரை வெறுமையாகக் கிடந்தது, மாதக் கடைசியில்தான் பனி இறங்கியது. பிப்ரவரி என்று நீங்கள் முடிவு செய்தது நல்லது.

தோழி சொல்வது பொய்யில்லை, ஆனால் அது வேறு இடத்துக்கான எச்சரிக்கை. குல்மார்கின் ரோப்வேயான கண்டோலாவின் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில், அபர்வத் மலை மேல் கொண்டுபோய் விடும். அங்கிருந்து இறங்கும் சரிவுகள் பெரும்பாலும் சமன் செய்யப்படாதவை, பனிச்சரிவு அபாயம் உள்ளவை. 2024 பிப்ரவரியில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் அங்கே பனிச்சரிவில் இறந்தார். நீங்கள் பழகப் போவதோ கீழே, சுமார் 2,650 மீட்டரில், புல்வெளியை ஒட்டிய மெல்லிய சரிவுகளில். கற்றுக்கொள்ள கண்டோலாவில் ஏறவே வேண்டாம். இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் வந்துவிட்டதே என்று யாராவது மேலே கூப்பிட்டால் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.

வாடகைக் கடையில் பூட்ஸ் எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். நேராக நிற்கும்போது கட்டைவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்ததும் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் அந்த பூட்ஸ் பெரிது, மாற்றித் தரச் சொல்லுங்கள். சாக்ஸ் ஒன்றே ஒன்றுதான், முழங்கால் வரை நீளமாக. குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று போட்டால் மடிப்பு விழுந்து காலை அழுத்தும், ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும். கம்பளிக் கையுறையும் உதவாது, நனைந்துவிடும். தண்ணீர் புகாத உறை வேண்டும்.

பயிற்றுநர் முதலில் சொல்லித்தருவது, ஓடும் பலகையை நிறுத்த. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டினால் உள்விளிம்புகள் பனியை அறுத்து வேகம் குறையும். உங்கள் பிரேக் அதுதான். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும்; சாய்ந்தால் பலகை முந்திக்கொண்டு ஓடும். அதனால் கீழ்க்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்தும்படியே நில்லுங்கள். மகள் உங்களுக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள், அவளோடு போட்டி வேண்டாம். பயிற்றுநர் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவரா என்று கேட்டு, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்று பேசி முடித்த பிறகே பலகையை மாட்டுங்கள். மூவருக்கும் ஒருவர் போதும், கூட்டமாகச் சேர்க்க விடாதீர்கள்.

மாமியாரைக் கண்டோலாவின் முதல் கட்டத்தில், கொங்டோரி வரை அழைத்துப் போங்கள். உட்கார்ந்தபடியே பனிக்காட்டைப் பார்க்கலாம். அதற்கு மேல் அவருக்கு வேண்டாம். ரத்த அழுத்தம் இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் குல்மார்கிலிருந்தே 8,126 மீட்டர் நங்க பர்பத் தெரியும். நந்தா தேவியைவிட உயரமானது.

ஔலியை விட்டுவிடவும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பு அமையும் வருடத்தில், உத்தராகண்ட் அரசு நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் ஏழு நாள் பயிற்சியில் சேருங்கள். நின்று நிதானமாகக் கற்க அது அருமையான இடம்.

இப்போதைக்கு இரண்டு வேலை: கண்டோலா டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். அப்புறம், வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. ஒருவர் போனிலாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.