பட்டியலில் பொருந்தாத 43 பிள்ளைகள்

அந்த 43 பேரை ‘இடைநின்றவர்கள்’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். ராமேஸ்வரம் தீவில் இருக்கும் மீனவர் ஊரான தங்கச்சிமடம் பக்கத்து அங்கன்வாடிப் பட்டியலையும் பள்ளிச் சேர்க்கைப் பட்டியலையும் எக்செலில் பெயர் வைத்து ஒப்பிட்டபோது 43 பிள்ளைகள் பொருந்தவில்லை, அவர்களைப் பள்ளியை விட்டு நின்றவர்களாகக் கணக்கிடலாமா என்றுதானே கேட்டிருக்கிறீர்கள்? பெரும்பாலும் பொருந்தாதது எழுத்துக்கூட்டல்தான்.

அந்தோணி என்ற பெயரையே எடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பதிவேட்டில் ‘டி’க்குப் பின்னால் ‘ஹெச்’ இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இன்ஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். ஒரே பையன், எக்செலுக்கு இரண்டு பையன்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் அங்கன்வாடியில் ஏறியிருந்தால் அது தனிக் கூத்து.

சரி, இப்படிச் செய்து பாருங்கள்.

1. பெயரை விட்டுவிட்டு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அம்மா பெயரின் முதலெழுத்து மூன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். இரட்டைப் பிள்ளைகளைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

2. மிச்சமிருப்பவர்களுக்கு மட்டும் அங்கன்வாடி அக்காவிடம் போய் உட்காருங்கள். “அது மண்டபம் ஊர்ல அம்மாச்சி வீட்டுலருந்து படிக்குது” என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் போகாதீர்கள். அதில் பாதி நாட்கள் பள்ளி விடுமுறை.

ஒரு எச்சரிக்கை. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் குழந்தைகள் நலக் குழு வரை போன பிள்ளை யாராவது அதில் இருந்தால், அடையாளத்தை வெளியிட 2015 இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு தடை போடுகிறது. பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். நாலு தெரு உள்ள ஊரில் ‘பெண், வயது 6, அப்பா இலங்கைச் சிறையில்’ என்று ஒரு வரி இருந்தால், டீக்கடையில் யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள்.