பாதிக் கதையில் புது விதிப்புத்தகம்: டி அண்ட் டி குழு எப்படி மாறுவது?

கேள்வி: ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு நான்தான் டன்ஜியன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) எனும் கதை விளையாட்டின் 2014 விதிகளில் ஆரம்பித்த கேம்பெயின் (தொடர்கதை) இது, இப்போது எல்லோரும் 7ஆம் லெவல். இரண்டு பேர் 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை வாங்கிவிட்டு, மாறியே தீர வேண்டும் என்கிறார்கள். பாலடின் எனும் புனித வீரராக ஆடுபவரோ, என் கேரக்டரில் கை வைக்காதீர்கள் என்கிறார். பாதியில் மாறலாமா? மாறினால் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: மாறலாம். 2024 புத்தகங்கள் 5ஆம் பதிப்பின் திருத்தம்தான், வேறு விளையாட்டு அல்ல. 2008இல் 4ஆம் பதிப்பு வந்தபோது அடிக்கட்டுமானமே மாறியதால் பல குழுக்கள் முந்தைய 3.5 பதிப்பிலேயே தங்கிவிட்டன. 2009இல் பாத்ஃபைண்டர் எனும் போட்டி விளையாட்டு தனியாக வளர்ந்ததும் அந்த மண்ணில்தான். இந்த முறை அவ்வளவு பெரிய பள்ளம் இல்லை. ஆனால் குழப்பம் வரும். பழையதும் புதியதும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருப்பதுதான் அதற்குக் காரணம். ஒரே பெயருள்ள ஸ்பெல்லுக்கு (மந்திரத்துக்கு) இரண்டு பேர் இரண்டு புத்தகத்திலிருந்து இரண்டு விளக்கம் வாசிப்பார்கள், இரண்டுமே சரியாக இருக்கும்.

அதனால் "எந்தப் பதிப்பு" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். பொது விதிகள், கேரக்டர்கள், மான்ஸ்டர்கள் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எந்தப் புத்தகத்தின் பேச்சு கடைசிப் பேச்சு என்று முடிவு செய்யுங்கள். பொது விதிகளில் கலப்படம் கூடவே கூடாது. கேரக்டர்கள் ஒவ்வொருவராக மெதுவாக வரலாம். மான்ஸ்டர் உங்கள் திரைக்குப் பின்னால் நடக்கும் விஷயம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

முதலில் பொது விதிகளை மட்டும் மாற்றி, பழைய கேரக்டர் ஷீட்டுகளோடு ஓரிரு அமர்வு ஆடுங்கள். பெரிய மாற்றங்கள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எக்ஸாஸ்ஷன் எனும் களைப்பு விதியில் பழைய ஆறு படிப் பட்டியல் போய்விட்டது. ஒவ்வொரு படிக்கும் டி20 (20 முகப் பகடை) உருட்டலில் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும், ஆறாவது படியில் மரணம். திடீர்த் தாக்குதலில் சிக்கியவர் முதல் சுற்றையே இழப்பதில்லை, யார் முதலில் என்று முடிவு செய்யும் இனிஷியேட்டிவ் மட்டும் டிஸ்அட்வான்டேஜுடன் (இரண்டு முறை உருட்டி, சிறிய எண்ணை எடுத்து) உருட்டுவார். ஹீலிங் போஷன் (குணமாக்கும் மருந்து) குடிப்பது, டர்னின் முக்கியச் செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன். மல்லுக்கட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உருட்டுவது நின்று, பிடிபடுபவர் சேவிங் த்ரோ (தப்பிக்கும் உருட்டல், சுருக்கமாக சேவ்) போடுகிறார். ஒரு டர்னில் ஸ்லாட் (மந்திரம் போட நாளுக்கு இத்தனை என்று இருக்கும் இருப்பு) செலவழித்து ஒரே ஒரு ஸ்பெல்தான் போட முடியும். போஷன் விதி நிறைய குழுக்கள் ஏற்கெனவே வீட்டு விதியாக வைத்திருந்ததுதான், சண்டை வராது.

ஸ்பெல்களையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். யார் எந்த கிளாஸ் (கேரக்டரின் தொழில்) ஆடினாலும் ஸ்பெல்லுக்குப் புதிய விளக்கம் மட்டுமே செல்லும். மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல்லில் இனி எதிராளிக்குக் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ் உண்டு, தோற்றாலும் அவருடைய ஸ்லாட் வீணாகாது. காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் 1டி8 (ஒரு எட்டு முகப் பகடை) அல்ல, 2டி8. விலங்குகளை வரவழைக்கும் கன்ஜூர் அனிமல்ஸ் போடும் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) இருந்தால் அவரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். அவர் ஆசையாக இறக்கிவிட்ட எட்டு ஓநாய்களும் இனி ஒரே ஆவிக் கூட்டம். அவருக்கு வருத்தம்தான், எட்டு ஓநாயின் டர்னுக்காகக் காத்திருந்த மற்றவர்களுக்கு இல்லை.

இனி கேரக்டர்கள். லெவல் ஏறும் அன்று மாற்றுவதுதான் நல்லது. எப்படியும் அன்று ஷீட்டைத் திருத்தத்தானே போகிறார்கள். புதிய புத்தகத்தின் முறைப்படி பழைய இனத்தின் ஏபிலிட்டி (வலிமை போன்ற திறன் எண்) போனஸை விட்டுவிட்டு, பேக்கிரவுண்டிலிருந்து (கேரக்டரின் முன்கதையிலிருந்து) +2, +1 (அல்லது மூன்று +1) எடுக்க வேண்டும். புதுக் கேரக்டருக்கு இது சரி. நடுவழியில் இருப்பவருக்கு இதைச் செய்யாதீர்கள். பழைய ஹாஃப்-எல்ஃபுக்கு மொத்தம் 4 புள்ளி இருந்தது, மவுன்டன் டுவார்ஃபுக்கும் 4. புதுக் கணக்கில் 3தான். இவ்வளவு நாள் ஆடிய கேரக்டர் ஒரு காலையில் பலவீனமானால் யாருக்கும் பிடிக்காது. எண்களை அப்படியே விட்டுவிட்டு, ஆரிஜின் ஃபீட் எனும் தொடக்கச் சிறப்புத் திறன் ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுங்கள். சப்கிளாஸ் (கிளாஸின் உட்பிரிவு) எல்லாம் இப்போது 3ஆம் லெவலில்தான் கிடைக்கும். உங்கள் குழு அதைத் தாண்டிவிட்டதால் கவலை இல்லை.

உங்கள் பாலடின்காரர் ஏன் முரண்டு பிடிக்கிறார் என்று எனக்குப் புரிகிறது. 7ஆம் லெவலில் அவருக்கு ஒரு டர்னில் இரண்டு அடி. பழைய விதியில் இரண்டும் பட்டால், இரண்டிலும் 2ஆம் லெவல் ஸ்லாட்டைப் போட்டு ஸ்மைட் (அடியோடு சேரும் கூடுதல் சேதம்) மட்டுமே 6டி8 உருட்டலாம். புதிய விதியில் டிவைன் ஸ்மைட் ஒரு ஸ்பெல், அதுவும் போனஸ் ஆக்‌ஷன். ஆக டர்னுக்கு ஒன்று, 3டி8. அவர் ஆசையோடு எதிர்பார்க்கும் அந்த ஒரு டர்ன் பாதியாகிவிடுகிறது. "பேலன்ஸ்" என்று பாடம் எடுத்தால் அவர் கேட்கமாட்டார். கிடைப்பதைக் காட்டுங்கள். நாளுக்கு ஒரு ஸ்மைட் ஸ்லாட் இல்லாமல் இலவசம். தொட்டுக் குணமாக்கும் லே ஆன் ஹேண்ட்ஸின் 35 புள்ளிகளையும் போனஸ் ஆக்‌ஷனில் கொடுக்கலாம், அதாவது விழுந்த நண்பரை எழுப்பிவிட்டு அதே டர்னில் இரண்டு அடியும் அடிக்கலாம். அவருடைய மந்திரக் குதிரை தினமும் ஒரு முறை ஸ்லாட் இல்லாமல் வரும். கிரேட்ஸ்வோர்ட் (பெரிய வாள்) வைத்திருந்தால் கிரேஸ் எனும் வெப்பன் மாஸ்டரி (ஆயுதத்தின் தனிச் சிறப்பு), அடி தவறினாலும் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் அளவுக்குச் சேதம் உண்டு. அவர் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீடும் வைத்திருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. அடிக்கும் உருட்டலில் 5 குறைத்துச் சேதத்தில் 10 கூட்டும் −5/+10 போய்விட்டது. புதியதில் தண்டனை இல்லாமல், லெவலோடு ஏறும் புரொஃபிஷியன்சி போனஸ், அவருக்கு இப்போது 3, கூடும். அந்த ஃபீடையும் ஸ்மைட்டையும் ஒரே நாளில் பிடுங்கினால் எழுந்து போய்விடுவார். ஃபீடை வேறொன்றாக மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு கொடுங்கள்.

இதற்கும் மசியவில்லையா? சரி, பழைய பாலடினாகவே ஆடட்டும். கணக்கு உடையாது. பொது விதியும் ஸ்பெல் விளக்கமும் புதியவை என்ற ஒரு நிபந்தனை போதும். பக்கத்தில் ஃபைட்டர் ஒவ்வொரு அடிக்கும் வெப்பன் மாஸ்டரி காட்டுவதைப் பார்த்துவிட்டு, சில லெவலில் அவரே கேட்க வாய்ப்பு அதிகம். கேட்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இடையில் ஒரு எச்சரிக்கை: எதிரியைக் கீழே சாய்க்கும் டாப்பிள் மாஸ்டரி உள்ள ஆயுதம் ஒவ்வொரு அடிக்கும் எதிரியை ஒரு சேவிங் த்ரோ போட வைக்கும். இரண்டு பேர் அதை வைத்திருந்தால் சண்டை இழுவையாகிவிடும். உருட்ட வேண்டிய டைஸை மேசையில் முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மாற்றத்துக்கு முன் ஒரு வெள்ளோட்டம் வையுங்கள். குழு ஏற்கெனவே ஜெயித்த ஒரு சண்டையைப் புது ஷீட்டுகளோடு மறுபடி ஆடவிடுங்கள், கதைக்குக் கணக்கில்லை என்று சொல்லிவிட்டு. முடிவு தெரிந்த சண்டை என்பதால் எங்கே வித்தியாசம் என்று உடனே தெரியும். அதற்காக எல்லோரும் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. அடிப்படை விதிகளின் எஸ்ஆர்டி 5.2 ஆவணம் 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியானது. கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ்தான் அதில் இருக்கும், வெள்ளோட்டத்துக்கு அது போதும்.

மான்ஸ்டர் விஷயத்தில் நீங்கள் எழுதி வைத்த சாகசத்தை மாற்றி எழுத உட்காராதீர்கள். பெயரைப் பார்த்து, 2025இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் அதே பெயருள்ள ஸ்டாட் பிளாக்கை (எண்களின் அட்டவணையை) எடுத்து ஓட்டுங்கள். புதுக் கேரக்டர்களுக்கு எதிரே பழைய மான்ஸ்டர்களை நிறுத்தினால் சண்டை சப்பென்று இருக்கும். புதியவை பலவற்றில் சேவிங் த்ரோ இல்லாமலே விளைவு விழும். ஓநாய் கடித்தால் முன்பு ஸ்ட்ரெங்த் சேவ் போட்டுத் தப்பிக்கலாம், இப்போது கடி பட்டால் நம் அளவுள்ளவர் நேராகக் கீழே. சண்டையின் கடினத்தைக் கணக்கிடும்போது, எதிரிகளின் எண்ணிக்கைக்கேற்பப் பெருக்கும் பழைய முறையும் இல்லை. எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) பட்ஜெட்டை நேராகச் செலவழித்தால் போதும்.

1989இன் 2ஆம் பதிப்புச் சாகசம் ஏதாவது கைவசம் இருந்து, அதையும் இந்த கேம்பெயினில் நுழைக்க நினைத்தால் கணக்கு வேறு. அங்கே ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) குறையக் குறைய நல்லது. 20இலிருந்து அதைக் கழித்தால் இன்றைய எண் வரும், 2 என்றால் 18. அடிக்கத் தேவையான உருட்டலைச் சொல்லும் தாக்கோவும் அப்படியே, 17 என்றால் தாக்கும் உருட்டலில் +3. ஆனால் ஹிட் பாயின்ட்டை (உயிர்ப் புள்ளியை) எடுத்து வராதீர்கள். அந்தப் பதிப்பின் ஓகர் எனும் ராட்சதனுக்குச் சராசரி 19தான், 2014 ஓகருக்கு 59. பெயர், இடம், கதை மூன்றையும் பழைய சாகசத்திலிருந்து எடுத்துக்கொண்டு, ஓகரைப் புதுப் புத்தகத்திலிருந்தே இறக்குங்கள்.