ஜாஷ் ஆலனின் குறி: கேள்வி பதில்

பஃபலோ பில்ஸ் அணியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜாஷ் ஆலன் குறி பார்த்து எறிகிறவரா, தோள் பலத்தால் சமாளிக்கிறவரா? அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடையே இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. வந்த கேள்விகளில் சிலவும் என் பதில்களும்.

கேள்வி: 2024 பருவத்தில் ஆலனின் பாஸ்களில் 63.6 சதவீதம்தான் பிடிபட்டன. டெட்ராய்ட் அணியின் குவாட்டர்பேக் ஜாரெட் காஃபுக்கு 72.4. பிறகு என்ன விவாதம் வேண்டிக்கிடக்கிறது?

பதில்: காஃப் துல்லியமானவர்தான். ஆனால் அந்த எண் துல்லியத்தை மட்டும் அளப்பதில்லை. கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடித்தாலும், ஆபத்தைத் தவிர்க்க வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே எறிந்தாலும், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் கைக்கு வந்ததை நழுவவிட்டாலும் எல்லாம் தோல்விக் கணக்கில்தான் சேரும். இரண்டு யார்டு தட்டிவிடுவதற்கும் நாற்பது யார்டு வீச்சுக்கும் அங்கே ஒரே மதிப்பு. யார் எவ்வளவு தூரம் எறிகிறார் என்று பார்க்காமல் இந்தச் சதவீதத்தை நீட்டுகிறவரோடு நான் வாதாடுவதில்லை.

கேள்வி: குறி பிறவியிலேயே வரவேண்டியது என்பார்கள். வயோமிங் பல்கலைக்கழகத்தில் 56 சதவீதம் எடுத்தவர் எப்படித் தேறினார்?

பதில்: 2018-ல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், ஏழாவது ஆளாக ஆலனைத் தேர்ந்தெடுத்தபோது பில்ஸ் அணியை எள்ளி நகையாடியவர்கள் ஏராளம். முதல் பருவத்தில் 52.8 சதவீதம், அடுத்து 58.8, 2020-ல் 69.2. இப்படியொரு தாவல் அபூர்வம். ஓய்வு மாதங்களில் பயிற்சியாளர் ஜோர்டன் பாமரோடு சேர்ந்து, கால் ஊன்றும் விதத்தையும் இடுப்பு திரும்பும் நேரத்தையும் சீர்செய்தார். முன்பு கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் இழுக்கும். பந்து ரிசீவரின் தலைக்கு மேல் பறக்கும். தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் டேபால் 2018 முதல் 2021 வரை மாறாமல் இருந்ததும் பெரிய வரம். ஆண்டுக்கொரு திட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: 2020-ல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் பில்ஸ் அணிக்கு வந்ததை மறந்துவிட்டீர்களே?

பதில்: மறக்கவில்லை. அந்தப் பருவத்தில் 127 கேட்ச், 1,535 யார்டு. இரண்டிலும் லீக்கில் முதலிடம். அவர் தடுப்பாளரை விட்டு விலகி நிற்கிறவர் என்பதால் ஆலனின் வேலை எளிதானது. ஆனால் 2024-ல் டிக்ஸ் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். அந்த ஆண்டுதான் ஆலன் வெறும் 6 இன்டர்செப்ஷனோடு (எதிரணி பறித்த பாஸ்) மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கினார்.

கேள்வி: அப்படியானால் துல்லியம் என்று எதைச் சொல்வீர்கள்?

பதில்: ரிசீவர் குறுக்காக உள்ளே ஓடிவரும் ஸ்லான்ட் பாஸைக் கவனியுங்கள். பந்து அவர் மார்புக்கு ஓரடி முன்னால் வந்தால் வேகம் குறையாமல் பிடித்து இன்னும் பதினைந்து யார்டு ஓடுவார். அதே பந்து முதுகுப் பக்கம் வந்தால் உடலை முறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த நொடியில் தடுப்பாளர் வந்து மோதிவிடுவார். புள்ளிவிவரத்தில் இரண்டுமே பிடிபட்ட பாஸ். என் கண் தேடுவது அந்த ஓரடியை.

கேள்வி: தோள்கவசத்தில் சிப் வைத்துக் கணக்கிடுகிறார்களே, அதை நம்பலாமா?

பதில்: வெறும் சதவீதத்தைவிட மேல். எறியும் தூரம், ரிசீவருக்கும் தடுப்பாளருக்கும் உள்ள இடைவெளி, எறிபவர் மீதான நெருக்கடி எல்லாவற்றையும் வைத்து, அந்தப் பாஸ் பிடிபட எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கிறார்கள். ஆட்டக்காரர் அதைத் தாண்டுகிறாரா என்று பார்க்கலாம். ஆனால் எறிந்தே இருக்கக்கூடாத பந்து எது என்று அதற்குத் தெரியாது.

கேள்வி: பஃபலோவில் காற்று அதிகம் என்பது சாக்குத்தானே?

பதில்: ஈரி ஏரிக் காற்றைச் சாக்கு என்பவர் 2021 டிசம்பர் 6 ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார். நியூ இங்கிலாந்து அணி ஆட்டம் முழுவதிலும் மூன்றே மூன்று பாஸ் எறிந்து 14-10 என்று வென்றது. எறியாமலேயே ஜெயித்தார்கள்! ஆனால் 2022 ஜனவரி 15 அன்று, அதே மைதானத்தில், அதே எதிரணி. எலும்பு உறையும் குளிர், காற்று மட்டும் அடங்கியிருந்தது. ஆலன் எறிந்த 25 பாஸில் 21 பிடிபட்டன, ஐந்து டச் டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது), பில்ஸ் 47-17 என்று வென்றது. அதில் முதல் டச் டவுன், பந்தை வெளியே வீசிவிட்டார் என்றே பார்த்தவர்கள் நினைத்த பாஸ். பில்ஸின் டாசன் நாக்ஸ் மைதானத்தின் கடைக்கோடியில் எட்டிப் பிடித்தார். அதைத் துல்லியம் என்பதா, துணிச்சல் என்பதா, நீங்களே சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அறுபது, எழுபதுகளில் ஆடிய குவாட்டர்பேக் ஜோ நாமத்தின் மொத்தச் சதவீதம் 50 தான். இன்று மாற்று ஆட்டக்காரராகக்கூட இடம் கிடைக்காதே?

பதில்: காலம் கலந்து ஒப்பிடாதீர்கள். 1978-க்கு முன்பு ரிசீவரை வழிநெடுகத் தள்ளலாம், இடிக்கலாம். அந்த ஆண்டுதான் ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக்கூடாது என்று விதி வந்தது. நாமத் 1967-லேயே 4,007 யார்டு எறிந்தவர்.

கேள்வி: ஒரே வரியில் சொல்லுங்கள், இன்று மிகத் துல்லியமானவர் ஆலனா?

பதில்: இல்லை. பந்தை வைக்கும் இடத்தில் சின்சினாட்டியின் குவாட்டர்பேக் ஜோ பரோதான் என் முதல் தேர்வு. ஆனால் காலைப் பிடித்து ஒருவர் தொங்கும்போது எறிய வேண்டுமென்றால் ஆலனைக் கூப்பிடுவேன்.

கேள்வி: நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ரசிகர்கள் கற்பனையாக அமைக்கும் ஃபேன்டஸி அணியில் ஆலனை எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. பாஸ் பொய்த்தாலும் கால் கைகொடுக்கும். 2023 பருவத்தில் ஓடியே 15 டச் டவுன் எடுத்தார்.