சோனி ஏ6400க்கு '300 எம்பி' மெமரி கார்டு வாங்கினால் பர்ஸ்ட் நிற்காமல் ஓடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: சோனி ஏ6400இல் ராவ் (கேமரா பதப்படுத்தாத மூலப் படக் கோப்பு) வைத்துப் பறவைகளை எடுக்கிறீர்கள். பட்டனை அழுத்திப் பிடித்துப் படபடவென்று எடுத்தால், அதாவது பர்ஸ்டில், நாலைந்து நொடியில் கேமரா திணற ஆரம்பிக்கிறது, அப்புறம் கார்டில் எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கடையில் நொடிக்கு 300 எம்பி வேகம் என்று பெரிதாக அச்சிட்ட கார்டைக் காட்டி, இதைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். கார்டு நல்ல கார்டுதான், ஆனால் உங்கள் கேமராவுக்கு அது தண்டச்செலவு. நானும் இதே கேமராவைத்தான் வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அந்த 300 எம்பி கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தங்க நிறப் பின்கள் இரண்டு வரிசையாக இருக்கும். அது யுஎச்எஸ்-2 கார்டு (யுஎச்எஸ் என்பது கார்டும் கேமராவும் பேசிக்கொள்ளும் வேகத்துக்கான தரம்). முன்பக்கத்தில் சின்னதாக ரோமன் எழுத்தில் இரண்டு கோடு போட்டிருப்பார்கள். இரண்டாவது வரிசைப் பின்கள்தான் அந்த வேகத்தையே தருகின்றன. அதன் உச்சவரம்பு நொடிக்கு 312 எம்பி. ஏ6400இல் கார்டைச் செருகும் ஸ்லாட் யுஎச்எஸ்-1. அதில் அந்த இரண்டாவது வரிசையைத் தொட எதுவுமே இல்லை. கார்டு உள்ளே போகும், வேலையும் செய்யும், ஆனால் சாதாரண யுஎச்எஸ்-1 கார்டாகத்தான் நடந்துகொள்ளும். யுஎச்எஸ்-1க்கு உச்சவரம்பு நொடிக்கு 104 எம்பி. அதுவும் காகிதக் கணக்கு. கேமராவுக்குள் அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

இன்னொரு விஷயம். கார்டின் முகப்பில் பெரிதாக இருக்கும் எண் படிக்கும் வேகம், அதாவது கார்டிலிருந்து கணினிக்குப் படங்களை இறக்கும்போது கிடைப்பது. படம் எடுக்கும்போது நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அது பெரும்பாலும் பேக்கிங் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில்தான் இருக்கும். 200 எம்பி என்று போட்ட யுஎச்எஸ்-1 கார்டுகளும் கடையில் கிடைக்கின்றன. வரம்பே 104 என்றால் 200 எப்படி வந்தது? கம்பெனிகள் தரநிர்ணயத்துக்கு வெளியே தங்களுக்கென ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பொருத்தமான கார்டு ரீடர் இருந்தால்தான் அந்த 200. கேமராவுக்கு அதெல்லாம் தெரியாது.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருவோம். ஏ6400இல் ஒரு ராவ் படம் ஏறத்தாழ 24 எம்பி. உச்ச வேகத்தில் நொடிக்கு 11 படம், ஆக நொடிக்கு 264 எம்பி. நல்ல யுஎச்எஸ்-1 கார்டு போட்டு நொடிக்கு 75 எம்பி எழுதுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கு மூன்று படம் வெளியே போகிறது, மீதி எட்டு பஃபரில், அதாவது கேமராவுக்குள் இருக்கும் தற்காலிக நினைவகத்தில், தேங்குகிறது. மொட்டைமாடித் தொட்டியில் மோட்டார் தண்ணீர் ஏற்றுகிற வேகமும் கீழே குழாயில் வருகிற வேகமும் மாதிரிதான் இது. தொட்டி நிரம்பத்தான் செய்யும். ராவில் தொடர்ந்து ஏறத்தாழ 46 படம்தான் எடுக்கலாம் என்று சோனியே சொல்கிறது. 46ஐ 11ஆல் வகுத்தால் நாலு நொடிக்குக் கொஞ்சம் கூட. நீங்கள் சொல்லும் அதே நாலைந்து நொடி! கேமராவில் பழுது ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் கார்டு மாற்றிப் பயனே இல்லையா? இருக்கிறது. நிரம்பிய பிறகு காலியாகும் நேரத்தில்தான் நல்ல கார்டு கைகொடுக்கும். பஃபரில் 30 ராவ் தேங்கியிருந்தால் அது 720 எம்பி. நொடிக்கு 30 எம்பி எழுதும் கார்டுக்கு 24 நொடி ஆகும், 75 எழுதும் கார்டுக்குப் பத்து நொடி. மீன்கொத்தி பாய்ந்து மீனோடு கிளைக்குத் திரும்பி, மீனைக் கிளையில் அடித்து விழுங்குகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். பாய்ச்சலுக்கே பஃபரைத் தீர்த்துவிட்டால், மெதுவான கார்டில் அந்த அடியும் விழுங்கலும் போய்விடும். இப்போது எந்தக் கார்டு போட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. போனில் கிடந்த மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகி ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அதன் மேல் ஏ1, ஏ2 என்று இருப்பது போனில் ஆப் ஓடுவதற்கான தரம், கேமராவுக்குச் சம்பந்தமே இல்லை.

என்ன வாங்கலாம் என்றால்: யுஎச்எஸ்-1 கார்டு, வி30 முத்திரை, எழுதும் வேகம் 90 எம்பி அல்லது அதற்கு மேல் என்று கம்பெனி எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். சான்டிஸ்க், லெக்சார், சோனி, கிங்ஸ்டன் என எதில் வாங்கினாலும் இந்த ரகம் இருக்கிறது. வட்டத்துக்குள் 10, யு எழுத்துக்குள் 3, வி30 என்று ஒரே கார்டில் மூன்று முத்திரை இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூன்றும் தொடர்ந்து எழுதும்போது கீழே போகாத குறைந்தபட்ச வேகம். முதலாவது 10 எம்பி, மற்ற இரண்டும் 30 எம்பி. இவை வீடியோவை மனதில் வைத்து வந்த உத்தரவாதங்கள், பர்ஸ்டுக்கு இவை மட்டும் போதாது. வி30 போட்ட இரண்டு கார்டுகளில் ஒன்று 40இல் எழுதும், இன்னொன்று 90இல் எழுதும். அதனால்தான் எழுதும் வேகத்தைத் தனியாகத் தேடிப் பார்க்கச் சொல்கிறேன்.

வீடியோவும் எடுப்பேன் என்றால் கவலையே வேண்டாம். ஏ6400இன் 4கே உச்சத்தரம் 100 எம்பிபிஎஸ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அது மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பிதான், வி30 தாராளமாகப் போதும். வி60, வி90 எல்லாம் 400 எம்பிபிஎஸ், அதற்கும் மேலே எடுக்கும் கேமராக்காரர்கள் பார்க்க வேண்டியவை.

கொள்ளளவில் என் விருப்பம் 64 ஜிபி, இரண்டு. ஒன்றில் ஏறத்தாழ 2,500 ராவ் பிடிக்கும். இந்தக் கேமராவில் ஒரே ஸ்லாட். ஒரு கார்டு மண்டையைப் போட்டால் காலையில் எடுத்ததெல்லாம் அதோடு போகும். பாதியிலாவது மாற்றிக்கொண்டால் பாதி பிழைக்கும். 32 ஜிபி வேண்டாம். அது ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருப்பதால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது, உங்கள் 4கே வீடியோ ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடப் போனதும் துண்டுதுண்டாக உடையும்.

போலிக் கார்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் சந்தேகப்படவே வேண்டும். 16 ஜிபி சில்லை வைத்து 128 என்று கணினிக்குப் பொய் சொல்லும் கார்டுகள் உண்டு. கேமராவும் நம்பி எழுதிக்கொண்டே போகும். 16ஐத் தாண்டியதும் படம் இருக்கும், ஆனால் திறக்காது. புதுக் கார்டு வந்ததும் விண்டோசில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் அல்லது லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். கார்டு முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நேரம் பிடிக்கும் வேலைதான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். அது முடிந்ததும் கேமராவிலேயே ஒருமுறை ஃபார்மட்.

பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை. மேனுவல் ஃபோகஸ், ஷட்டர் 1/500, ராவ், உச்ச பர்ஸ்ட். வேகம் குறையும் வரை பட்டனைப் பிடித்துவிட்டு, விட்ட நொடியிலிருந்து எழுதி முடியும் வரை போனில் நேரம் பாருங்கள். பழைய கார்டு, புதுக் கார்டு இரண்டுக்கும் செய்தால் கடைக்காரர் சொல், அட்டையில் போட்டிருப்பது, நான் சொன்னது எதையும் நம்ப வேண்டிய அவசியம் இருக்காது.

காசு செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. பர்ஸ்டை நொடிக்கு 6 படம் எடுக்கும் 'மிட்'டில் வையுங்கள். தேங்குவது நொடிக்கு 70 எம்பிக்குள் வந்துவிடும், பஃபர் பத்து நொடியாவது தாங்கும். கூடு கட்டக் குச்சி கொண்டுவரும் நாரைக்கு ஆறு போதும். பாய்ச்சலுக்கு மட்டும் 11க்குப் போங்கள், அதையும் விட்டுவிட்டு அழுத்துங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு யுஎஸ்பி 3 கார்டு ரீடர் வாங்குங்கள். ஏ6400இன் சொந்த யுஎஸ்பி 2.0தான், நிறைந்த 64 ஜிபி கார்டை அதில் இறக்க அரை மணி நேரம் ஆகும். நல்ல ரீடரில் பன்னிரண்டு நிமிடம் போல.

யுஎச்எஸ்-2 கார்டே வீண் என்று நான் சொல்லவில்லை. ஏ6700, கேனான் ஆர்10 இவற்றில் ஸ்லாட்டே யுஎச்எஸ்-2; பர்ஸ்ட் எடுப்பவருக்கு அங்கே அது கண்கூடாகத் தெரியும். அப்படி ஒரு கேமரா பாடிக்கு மாறும்போது வாங்கிக்கொள்ளலாம். இப்போதே வாங்கிச் சேர்த்து வைக்க அது ஒன்றும் தங்கம் இல்லை.